தலைவர் கேட்கும் வீடு

“வீட்ல கேட்டுச் சொல்றேன்.”

எந்த அதிகாரி வந்து நின்றாலும் ஊராட்சித் தலைவர் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான். சொன்ன கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இங்கே தலைவர் என்று எழுதுவது அந்த அம்மாளை. ஊர் ‘தலைவரே’ என்று கூப்பிடுவதோ அவருடைய கணவரை. பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்தவர் மனைவி. அலுவலக நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் கணவர்.

சும்மா சொல்லக்கூடாது, கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு ‘தலைவரே’ போதும், மனிதருக்குத் தலைகால் புரியாது. மனைவி கேட்கப்போகிற ‘வீடு’ தாம்தான் என்று காலரைச் சரிசெய்துகொள்வார். அதிகாரிகளும் அப்படியே நினைத்தார்கள். தலைவர் யாரையும் திருத்தப்போகவில்லை.

அவர் போவது வீடு வீடாக, அதுவும் கொல்லைப்புறமாக. “வாசப்பக்கம் போனா ஆம்பளைங்க பதில் சொல்லிடுறாங்க. தண்ணி சுமக்கிறவ கொல்லப்பக்கம்தானே இருக்கா!” பாத்திரம் தேய்க்கிறவளுக்கு எதிரே குந்தி, தானும் ஒரு சட்டியை இழுத்துத் தேய்த்தபடியே விசாரிப்பார்.

குடிநீர்த் தொட்டி கட்ட உத்தரவு வந்தபோது மேட்டுத்தெருப் பெண்கள் ஒரே பேச்சாக, “மேட்டுலயே கட்டுங்கக்கா” என்றார்கள். குடத்தோடு ஏறி வந்த நிறைமாதக்காரி ஒருத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தலைவர் அவள் குடத்தை வாங்கி இறக்கினார். தொட்டி மேட்டில்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

அதற்குள் கணவர் கீழே ரோட்டோரத்துக்குத் தலையாட்டியிருந்தார். அங்கேதான் போகிறவர் வருகிறவர் கண்ணில் படுமாம். மறுநாள் சுண்ணாம்புக் கோடு போட்டு, மண்வெட்டியோடு ஆட்களும் நின்றார்கள்.

“தலைவரே, ஆரம்பிச்சிரலாமா?” என்றார் பொறியாளர், கணவரைப் பார்த்து.

“இருங்க சார். வீட்ல வேணாங்கிறாங்க,” என்றார் தலைவர்.

கணவர் பதறிப்போனார். “நான் எப்ப வேணாம்னேன்?”

“உங்களை யாருங்க கேட்டா? நான் மேட்டுத்தெரு வீடுங்களைச் சொன்னேன்.”

மண்வெட்டிக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். பொறியாளருக்கு எரிச்சல். “என்னம்மா இது? தலைவர் நேத்தே ஒத்துக்கிட்டாரே!”

“தலைவர் இன்னும் ஒத்துக்கலையே, சார்.”

கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, செருப்புக் காலால் அதைத் தேய்த்து அழித்தார். பிறகு சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேடு ஏறத் தொடங்கினார்.