இளையதம்பி மாஸ்டரின் வியாழக்கிழமைகள்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை எட்டாம் வகுப்புக்குக் கேத்திரகணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சிவபாதம் வந்து நின்றார். எங்கள் பழைய மாணவர். இப்போது மானிப்பாய் ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருக்கிறார். தினமும் நோயாளருக்கு நடுவில் நிற்கும் அந்த மனிதர் அன்று வாசற்படியைத் தாண்டாமலே சொன்னார்.

"சேர், எங்கடை மாஸ்டர் விடியப்புறம் காலமாயிட்டாராம். கரவெட்டியிலையிருந்து வந்த பஸ் கொண்டக்டர் சொல்லிப்போட்டுப் போறார்."

எங்கள் இருவருக்கும் 'எங்கடை மாஸ்டர்' என்றால் ஒருவர்தான். இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் கல்லூரியில் ட்றில் மாஸ்டராகவும் மல்யுத்தப் பயிற்சியாளராகவும் இருந்த இளையதம்பி மாஸ்டர்.

கல்லூரிச் சஞ்சிகைக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி இப்போதைய அதிபர் கேட்டார். உடனே சம்மதித்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பற்றியும் எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது என்பது விளங்கிற்று.

மாஸ்டர் கரவெட்டியில் பிறந்தவர். இளவயதில் மலாயாவுக்குப் போய் ரயில் பகுதியில் வேலை பார்த்தார். அங்கே பொலிசில் இருந்த பஞ்சாபிக்காரரிடம் மல்யுத்தம் பழகினார். தகப்பனார் இறந்ததும் தாயையும் தங்கை பொன்னம்மாவையும் பார்க்க ஊர் திரும்பி எங்கள் கல்லூரியில் சேர்ந்தார். 'மலாயா பயில்வான் வருகிறார்' என்று கேள்விப்பட்டு ஒரு மலையை எதிர்பார்த்திருந்த எங்கள் முன்னால், கட்டையான, கழுத்துத் தடித்த, காது இரண்டும் நசுங்கிச் சுருண்ட ஒரு மனிதர் குடையோடு வந்து இறங்கினார். விளையாட்டுகளுக்கு நான் பொறுப்பாயிருந்ததால் அவரை விடுதிக்கு அழைத்துப்போனேன். அன்று முதல் கடைசிவரை அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'கணக்கு மாஸ்டர்' என்பார்.

தடித்த படங்குச் சீலைக்குள் தேங்காய்த் தும்பு நாரை அடைத்துத் தானே மெத்தை தைத்தார். முதல் மூன்று மாதம் மாணவர்களுக்கு விழுவதற்கு மட்டுமே பழக்கினார். "விழப் பழக்கிறதுக்கோ பள்ளிக்கூடம்?" என்று ஊரில் சிரித்தார்கள். கொழும்புப் போட்டிக்கு முதன்முறை ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். ஏழு பேரும் தோற்றார்கள். திரும்பி வரும் ரயிலில் பெடியள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் போய் இருந்து, "நீ எந்தக் காலைத் தவற விட்டனி?" என்று மெதுவாக விசாரித்தார். வவுனியா வருவதற்குள் பெடியள் பெட்டிக்கு நடுவில் எழும்பி நின்று, தாங்கள் விழுந்த விதத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சில வருடங்கள் அவருக்கு நல்ல காலம். அதன்பின் மார்க்கண்டு வந்தான்.

மார்க்கண்டுவின் தகப்பனார் வேலன், கல்லூரிக்குக் கிழக்கே பனங்கூடலில் கள்ளுச் சீவுகிறவர். எல்லாச் சாதி மாணவரும் ஒரே வாங்குப் பலகையில் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு கல்லூரியில் வந்து அப்போது இரண்டு வருடம். முணுமுணுத்தவர்களும் அடங்கியிருந்தார்கள், ஏனென்றால் வாங்கில் நடுவே ஒரு முழம் இடம் விட்டு இருக்கலாம். மல்யுத்தத்தில் அந்த ஒரு முழம் இல்லை. மார்க்கண்டுவின் உடல் நிறைக்குப் பொருந்திய ஒரே மாணவர் சிவபாதம். அவருடைய தகப்பனார் கோட்டு வழக்குகளில் பேர்போன பிரக்கிராசி. மாஸ்டர் இருவரையும் சோடி சேர்த்தார்.

மூன்றாம் நாள் பிரக்கிராசியாரின் மோட்டார்க் கார் விளையாட்டுத்திடலுக்குள்ளேயே வந்து நின்றது.

"மாஸ்டர், என்ரை மகன் உவனோடை கட்டிப் பிரளுறதோ?"

"ஓம் ஐயா. கட்டிப் பிரளாமல் குஸ்தி இல்லை."

"வேறை ஆளைப் பிடியும்."

"நிறை பொருந்திற ஆள் வேறை இல்லை ஐயா."

"உமக்கு நிறை மட்டுந்தானோ தெரியும்?"

"எனக்குப் பழக்கினது அதைத்தான்" என்றார் மாஸ்டர். அவர் குரல் உயரவேயில்லை.

பிரக்கிராசியார் மகனை யாழ்ப்பாணப் பட்டினத்தில் வேறொரு கல்லூரிக்கு மாற்றிவிட்டார். இன்னும் பல குடும்பங்கள் பிள்ளைகளை விலக்கப்போவதாகக் கடிதம் எழுதின. கடல் கடந்து வந்த எங்கள் அதிபர் பாதிரியார் நல்லவர்தான். ஆனால் வெறும் வகுப்பறைகளை நினைத்துப் பயந்தார். ஆசிரியர் கூட்டத்தில் என்னுடைய அபிப்பிராயத்தைக் கேட்டார். நான் எழும்பி, "திங்கட்கிழமை மற்றவர்களுக்கும் வியாழக்கிழமை மார்க்கண்டுவுக்கும் பயிற்சி என்று பிரித்துவிடலாம். அது அவனுக்கும் பாதுகாப்பு" என்றேன். எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கும் ஊர் இருந்தது. பலர் தலையாட்டினார்கள்.

மாஸ்டர் அதிபரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை அவன் ஆரோடை பிடிக்கிறது, கணக்கு மாஸ்டர்? வேலிக் கதியாலோடையோ?"

நான் உட்கார்ந்துவிட்டேன். தீர்மானம் நிறைவேறிற்று.

வியாழக்கிழமை மாலை மாஸ்டரே லங்கோடு கட்டிக்கொண்டு மெத்தையில் இறங்கினார். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. மெத்தை கிடந்த இடம் தெருவேலிக்கு அருகில். அதை உள்ளே தள்ளிப் போடச் சொன்னார்கள்; அவர் மறுத்துவிட்டார். தெருவால் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, கரவெட்டியில் நல்ல குடும்பத்தில் பிறந்த ஒருவர் கள்ளுச் சீவுகிறவரின் மகனோடு கட்டிப் புரள்வதை வேலிக்கு மேலால் பார்த்தார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பார்த்தார்கள்.

செய்தி கரவெட்டிக்குப் போக அதிக நாள் செல்லவில்லை. மாஸ்டரின் வீட்டுக்குச் சலவைக்காரரும் முடி வெட்டுகிறவரும் வருவதை ஊர்ப் பெரியவர்கள் நிறுத்தினார்கள். பொன்னம்மாவுக்குக் கொழும்பில் கிளாக்கர் வேலை பார்க்கும் ஒருவரைப் பேசி, நாளும் வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை மாஸ்டர் ஊரிலிருந்து வந்து என் மேசைக்கருகில் நின்றார்.

"பொன்னம்மாவின்ரை கலியாணம் நிண்டுபோச்சு."

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன கேட்டவை?"

"வியாழக்கிழமையைக் கேட்டவை."

"குடுத்திருக்கலாமே, மாஸ்டர்?"

"குடுத்தால் பெடியனுக்கு என்ன சொல்லுறது?"

"தங்கச்சி என்ன சொன்னவ?"

அவர் விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ட்றில் வகுப்புக்குப் போனார். அதற்குப் பிறகு பொன்னம்மாவுக்கு ஓரிடமும் சரிவரவில்லை.

அந்த வருடம் கொழும்புப் போட்டிக்கு மார்க்கண்டு போனான். கடைசிச் சுற்றில் அவனுக்கு எதிராகக் கூப்பிட்ட பெயர் சிவபாதம், இப்போது வேறு கல்லூரியின் சார்பில். மேடையில் ஏறாமல் விலகியிருக்கலாம். தகப்பனார் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாராம். சிவபாதம் ஏறினார். ஒன்பது நிமிடம் இருவரும் பிடித்தார்கள். தோற்ற சிவபாதம் எழும்பி மார்க்கண்டுவைக் கட்டிப்பிடித்து, அவன் கையை உயர்த்திக் காட்டினார். கொழும்பு மண்டபம் முழுக்கக் கை தட்டியது. மாஸ்டர் மட்டும் தட்டவில்லை. குனிந்து என் காதுக்குள், "இனி என்ன நடக்குமோ தெரியேல்லை" என்றார்.

நடந்தது இதுதான். அந்த மாதமே, வேலனின் குடும்பம் கோயில் பொங்கலுக்குப் போயிருந்த ஒரு பகலில், அவர்களுடைய குடிசையையும் பக்கத்தில் இருந்த இரண்டையும் யாரோ கொளுத்திவிட்டார்கள். உயிர் தப்பிய வீட்டாடு ஒன்றைத் தவிர மிச்சம் எதுவும் இல்லை. யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. மாஸ்டரும் நானும் போனபோது வேலன் சாம்பலுக்குள் அரிவாளைத் தேடிக்கொண்டிருந்தார். "நயினார், பெடியனை எங்கையாவது அனுப்பிவிடுங்கோ" என்றார் மாஸ்டரிடம். வேறொன்றும் கேட்கவில்லை.

மாஸ்டர் மலாயா ரயில் பகுதியில் இருந்த தம் பழைய நண்பருக்குக் கடிதம் எழுதி, மார்க்கண்டுவைக் கப்பல் ஏற்றினார். அங்கிருந்து மாதம் தவறாமல் கடிதம் வந்தது. ஒன்றை எனக்கு வாசித்துக் காட்டினார்: 'சேர், இஞ்சை சாப்பாட்டுக் கடையிலை ஆர் ஆரோடை இருக்கிறது எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை.' அதை அவர் இரண்டு தரம் வாசித்தார். அந்த ஒரு நாள்தான் அவர் முகத்தில் நிம்மதியைக் கண்டேன்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரர் மலாயாவைப் பிடித்தார்கள். கடிதம் நின்றது.

யுத்தம் முடிந்து மலாயாவிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கியதும், வந்தவர் யாராவது இருப்பதாகக் கேள்விப்பட்ட வீட்டுக்கெல்லாம் மாஸ்டர் போனார். சில நாட்கள் நானும் கூடப் போனேன். அச்சுவேலியில் எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்த ஒருவர், ரயில் பகுதிப் பெடியள் பலரை ஜப்பான்காரர் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனதாகவும், பாதிப்பேர் திரும்பவில்லை என்றும் சொன்னார். மார்க்கண்டுவை அவருக்குத் தெரியாது. திரும்பி பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் ஏதோ ஆறுதல் சொன்னேன்.

"அவனாய்ப் போகேல்லை, கணக்கு மாஸ்டர். நான் அனுப்பினனான்" என்றார்.

அடுத்த வருடம் வேலையை விட்டுக் கரவெட்டிக்குப் போனார். நெஞ்சு வருத்தம் என்றார்கள்.

கடந்த செவ்வாய்க்கிழமை சிவபாதமும் நானும் கரவெட்டிக்கு ஒரே பஸ்ஸில் போனோம். வழியில் சிவபாதம், "சேர், அண்டைக்கு நான் மேடையிலை ஏறாமல் விட்டிருந்தால் அந்தக் குடிசையள் எரிஞ்சிராது" என்றார். நெடுநாளாகச் சுமந்த பேச்சு அது. இல்லை என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கவில்லை. "மாஸ்டர் உம்மைப் பற்றிக் குறையாக ஒரு சொல் கதைத்ததில்லை" என்பதை மட்டும் சொன்னேன்.

செத்தவீட்டில் சனம் அதிகமில்லை. வேலன் எப்படியோ கேள்விப்பட்டு வந்து படலை வாசலுக்கு வெளியே நின்றார். கிழவராகிவிட்டார். பொன்னம்மா அவரைக் கண்டதும் பிரேதத்தின் தலைமாட்டிலிருந்து எழும்பிப் படலைக்குப் போனார்.

"ஏன் அங்கை நிக்கிறியள்? உள்ளுக்கு வாருங்கோ."

இனத்தவர் நாலைந்து பேர் எழும்பி வேலியோரமாகப் போய் நின்றார்கள். வேலன் உள்ளே வந்து, மாஸ்டரின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பொன்னம்மாவிடம், "நாச்சியார், பெடியனைப் பற்றி நயினாருக்கு ஏதும் சேதி வந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை. வந்தால் நானே கொண்டுவந்து தருவன்."

அவர் தலையசைத்துவிட்டு முற்றத்து மண்ணில் இருந்துகொண்டார்.

பாடை தூக்கத் தோள் போதவில்லை. சிவபாதமும் நானும் சேர்ந்துகொண்டோம். சுடலையால் திரும்பி வந்தபோது பொன்னம்மா முற்றத்தில் தனியாக நின்றார். அவரிடம் போய், "உங்கடை அண்ணை செய்தது பெரிய காரியம்" என்றேன்.

"ஓம், அண்ணை செய்தது சரிதான்" என்றார் பொன்னம்மா. "ஆனா கலியாணத்தை விடமுன்னம் என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம். நானும் ஓம், விடுங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன்."

மாஸ்டர், உங்களுக்கு எதிராகக் கூட்டத்தில் எழும்பிப் பேசியவன் நான். அதற்காக நீங்கள் ஒருநாளும் என்னோடு முகம் கோணவில்லை. நானும் ஒருநாளும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உங்கள் தங்கையின் சொல்லையும் உங்களுக்குச் சேர வேண்டியது என்று இங்கே எழுதி வைக்கிறேன். போய் ஆறுங்கள்.