நர்ஸம்மா வாங்கிய மட்டக்குதிரை

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதத்தில், கிருபாபாயின் குதிரை வயிறு வீங்கிச் செத்துப்போனது. பதினோரு வருஷம் வண்டி இழுத்த குதிரை. அதைக் குழியில் இறக்கி மண் தள்ளி முடிப்பதற்குள் பழையகாயலிலிருந்து ஆள் வந்து நின்றான். தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டது என்றான். கிருபாபாய் கையைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, அவன் கொண்டுவந்திருந்த மாட்டு வண்டியில் ஏறினாள். போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்றைக்குத் தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது அவளுக்கு இடுப்பு நிமிரவில்லை.

அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வடக்கே தருவைக்குளம் முதல் தெற்கே புன்னைக்காயல் வரை கரையோர ஊர்களுக்கெல்லாம் அவள்தான் நர்ஸம்மா. தூத்துக்குடியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அவளுக்குச் சம்பளமும் ஒரு கூண்டு வண்டியும் கொடுத்திருந்தது. பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் பஸ்கள் கரியை எரித்து ஓடிக்கொண்டிருந்தன. பாலம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அந்த பஸ்களும் மணல் பாதை உள்ள ஊர்களுக்குப் போகாது. குதிரை இல்லாமல் அவள் வேலை நடக்காது.

வண்டி ஓட்டியவர் சொரிமுத்து. அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முப்பது வருஷம் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். பெரிய குதிரை உதவாது, உப்பளத்து வரப்பில் கால் புதைந்துவிடும், கொள்ளும் தட்டுப்பாடாக இருக்கிறது, மட்டக்குதிரைதான் சரி என்று சொன்னார். ஒரு வாரம் விசாரித்துவிட்டு இரண்டு குதிரைகள் இருப்பதாக வந்து சொன்னார்.

முதல் குதிரை தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளத்தில் இருந்தது. முப்பிடாதி என்ற பெண் அதை வைத்திருந்தாள். புருஷன் இறந்த பிறகு, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பீப்பாயில் குடிதண்ணீர் இழுத்துக் கொடுத்துப் பிழைத்து வந்தாள். அவளிடம் ஒரு கிழட்டுப் பெட்டையும் அது போட்ட குட்டியும் இருந்தன. இரண்டுக்கும் தீனி போட முடியவில்லை என்பதால் ஒன்றைக் கொடுக்க நினைத்தாள். குட்டி என்றால் ஏழு வயதுப் பெட்டைக்குதிரை. சேற்று நிறம், இடது காது நுனியில் கிழிசல். தாய் எங்கிருந்தோ ரோட்டில் அலைந்து வந்ததாம். தகப்பன் எது என்று முப்பிடாதிக்கே தெரியாது.

சொரிமுத்து அதன் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்தார். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். பின்னால் போய்த் தகர வாளியைக் கீழே போட்டார். குதிரை காதை மட்டும் திருப்பியது. பிறகு அதை வண்டியில் பூட்டச் சொல்லி, வெயிலில் சும்மா நிறுத்திவிட்டு, பேசிக்கொண்டே நின்றார். அரை மணி நேரம் அது காலை மாற்றி மாற்றி வைத்ததே தவிர நகரவில்லை.

“ஓடுறத விட நிக்கத் தெரியணும், நர்ஸம்மா. நீங்க ஒரு வீட்டுக்குள்ள போனா எப்ப வெளிய வருவீங்கன்னு உங்களுக்கே தெரியாதுல்லா” என்றார்.

கிருபாபாய் தலையை ஆட்டினாள். அந்தக் குதிரை அவள் கண்ணுக்குப் பெரிதாகப் படவில்லை.

இரண்டாவது குதிரையை மேற்கே ஒரு சின்ன ஜமீனின் லாயக்காரர் சங்கரபாண்டியன் ஊருக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். ஜமீன் நொடித்துப்போய் லாயத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஐந்து வயது ஆண் குதிரை. கருஞ்சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, விசிறி போலப் பிடரி. சங்கரபாண்டியன் ஒரு பழைய நோட்டைப் பிரித்துக் காட்டினார். பூட்டன் பர்மாவில் பேகுவிலிருந்து கப்பலில் வந்த மட்டம், பாட்டன் இன்னது, பாட்டி இன்னது, தகப்பன் இன்னது, தாய் இன்னது என்று நான்கு தலைமுறை வரிசையாக எழுதியிருந்தது. பர்மாவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான், இனி அங்கிருந்து ஒரு குதிரை வராது, இந்த ரத்தம் இங்கே இருப்பதோடு சரி என்று சொன்னார்.

சொரிமுத்து அதையும் நடக்கவிட்டுப் பார்த்தார். தார் ரோட்டில் அதன் நடை பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை. முன்னங்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டே இருந்தது. வலது கண்ணில் லேசாக நீர் வடிந்ததையும் அவர் கவனித்தார். வழியில் தூசி பட்டிருக்கும் என்றார் சங்கரபாண்டியன்.

கிருபாபாய் அந்த நோட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தாள். சொரிமுத்து அவளைத் தனியே அழைத்து, உப்பளத்துக் குதிரைதான் வேலைக்கு ஆகும் என்று சொன்னார். நோட்டு குதிரை எப்படிப் பிறந்தது என்றுதான் சொல்லும், எப்படி இழுக்கும் என்று சொல்லாது என்றார். அவள் நோட்டை மூடினாள்.

“அண்ணாச்சி, அநாதை ஆஸ்ரமத்து ரிஜிஸ்டர்ல என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு தெரியுமா? கடற்கரை ரோட்டுல கிடந்த பெண் குழந்தை. அவ்வளவுதான். எந்த ஊருக்குப் போனாலும், நீ யாரு மக, எந்தக் குடும்பம்னு கேக்காத வீடு கிடையாது. என் கையில இருந்து பிள்ளையை வாங்கிக்கிட்டே கேப்பாங்க. இந்தக் குதிரையைப் பாத்து யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்கள்ல.”

சொரிமுத்துவுக்கு அவள் கதை அரைகுறையாகத் தெரியும். அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது தேவபிரசாதம் என்ற வாத்தியார் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். அவருடைய தாயார் பெண்ணைப் பார்த்தார், பிடித்திருந்தது, ஆனால் வம்சம் தெரியாது என்று எழுந்து போய்விட்டார். இன்னொரு இடமும் அப்படியே கலைந்தது. அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

“உங்க இஷ்டம், நர்ஸம்மா” என்று மட்டும் சொன்னார்.

ஜமீன் குதிரை வந்தது. முதல் இரண்டு மாதம் கிருபாபாய்க்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். புன்னைக்காயலில் ஒரு தோணிக்காரர் இது எந்த லாயத்துக் குதிரை என்று கேட்டபோது, நான்கு தலைமுறைப் பெயரையும் அவள் ஒப்பித்தாள். சொரிமுத்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஆனி கடந்ததும் தொல்லை ஆரம்பித்தது. மணலில் சக்கரம் இறங்கினால் குதிரை இழுக்காமல் பின்வாங்கியது. பிரசவ வீட்டு வாசலில் அதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. சொரிமுத்துவால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போக முடியாது. வலது கண் மாதத்துக்கு ஒரு தடவை சிவந்து நீர் வடிந்து, பிறகு ஆறியது. ஒவ்வொரு தடவை ஆறும்போதும் கண்ணில் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பால் படர்ந்திருந்தது. கிருபாபாய் போரிக் தண்ணீரால் கழுவிவிட்டாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுக்குத் தூக்கமும் போதவில்லை. அந்த வருஷம் அரிசி கிடைக்காமல் கரையோரத்துப் பெண்கள் எல்லோருமே இளைத்துப்போயிருந்தார்கள். பிரசவம் ஒவ்வொன்றும் இழுபறியாக இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் காலை தருவைக்குளத்திலிருந்து ஆள் வந்தது. பிளாரன்ஸ் என்ற பெண்ணுக்கு மூன்றாவது பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது போலிருக்கிறது என்றார்கள். முதல் இரண்டு பிள்ளைகளையும் எடுத்தவள் கிருபாபாய்தான். மழை விட்டிருந்தது. உப்பளத்து ஓடை மேல் உள்ள சின்னப் பாலத்தில் ஏறும்போது வலப்பக்கம் ஒரு கொக்கு எழுந்து பறந்தது. குதிரை அதைப் பார்க்கவில்லை, சிறகடிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். அது மிரண்டு இடப்பக்கம் பாய்ந்தது. வண்டி சரிந்து ஓடைக்குள் விழுந்தது.

சொரிமுத்துவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. கிருபாபாயின் மணிக்கட்டு வீங்கியது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வரப்பில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நீங்க போங்க என்று கையைக் காட்டினார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சேற்றில் நடந்தாள். கிட்டத்தட்ட மூன்று மைல்.

அவள் போனபோது பிளாரன்ஸுக்கு நினைவு தப்பியிருந்தது. ஒரு கையாலும், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியின் இரண்டு கைகளாலும் பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். தாய் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை மூச்சு விடவில்லை. ஆண் பிள்ளை. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பிளாரன்ஸின் மாமியார் அவள் மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டு, கடுங்காப்பி கொடுத்தாள். யாராவது ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கிருபாபாய்க்குத் தோன்றியது.

மறுநாள் மாட்டு டாக்டர் வந்து குதிரையின் கண்ணைப் பார்த்தார். வலது கண்ணில் பார்வை போய்விட்டது, இடது கண்ணும் ஒரு வருஷத்தில் போய்விடும் என்றார். இது சில குதிரைகளுக்கு வம்சத்திலேயே வரும், தகப்பனுக்கு இருந்ததா என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டுச் சங்கரபாண்டியன் ஒரு வாரம் கழித்து வந்தார். அவர் பொய் சொல்லவில்லை. தகப்பனுக்கு ஆறு வயதில் கண் போனது, பாட்டனுக்கும் கடைசியில் போனது என்று ஒப்புக்கொண்டார். நோட்டில் ஏன் எழுதவில்லை என்று அவள் கேட்டாள்.

“அதெல்லாம் எழுதுற வழக்கம் இல்லம்மா. பேரு மட்டுந்தான் எழுதுவோம்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “குதிரையை நானே திருப்பி எடுத்துக்கிடுதேன். கண்ணு போனா என்ன, ரத்தம் போவலியே. ரெண்டு பெட்டையோட சேத்துவிட்டா குட்டிக்கு நல்ல கிராக்கி இருக்கு” என்றார்.

“அந்தக் குட்டிகளுக்கும் கண்ணு போகும்.”

“எல்லாத்துக்கும் போகாது.”

அவள் கொடுக்க மாட்டேன் என்றாள். அவள் கொடுத்த தொகை முழுவதையும் அவர் திருப்பித் தருவதாகச் சொல்லியும் மாட்டேன் என்றாள். அவர் போன பிறகு மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பி, குதிரைக்குக் காயடித்துவிடச் சொன்னாள். வேலை முடிகிறவரை கொட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். இந்த வம்சம் இதோடு போதும் என்று சொல்லத் தனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்ற நினைப்பு வந்தது. தேவபிரசாதத்தின் தாயாருக்கும் அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பட்டினி கிடக்கவும் தெம்பில்லாமல் சாப்பிட்டாள்.

மணிக்கட்டில் கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே அவள் உப்பளத்துக்குப் போனாள். மழைக்காலம் என்பதால் பாத்திகளில் வேலை இல்லை. முப்பிடாதியின் கிழட்டுப் பெட்டை ஆவணியில் செத்திருந்தது. சேற்று நிறக் குதிரை மட்டும் குடிசைக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

“அன்னைக்கு ரெண்டு இருந்திச்சு, கொடுக்க நெனச்சேன். இப்ப இது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. விக்க மாட்டேன், நர்ஸம்மா” என்றாள் முப்பிடாதி.

கிருபாபாய் அங்கேயே வரப்பில் உட்கார்ந்தாள். எழுந்து போகக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது. முப்பிடாதி அவள் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள்.

“சொரிமுத்து அண்ணாச்சிக்குத் தோளு கூடிருச்சா?”

“கூடும். இனி வண்டி ஓட்ட முடியாதுங்காங்க.”

“அப்ப யாரு ஓட்டுவா?”

“தெரியல.”

“குதிரையை விக்க மாட்டேன்” என்று முப்பிடாதி திரும்பவும் சொன்னாள். “குதிரையோட நானும் வாரேன். இத நான் சொன்னாத்தான் கேக்கும்.”

அப்படித்தான் தூத்துக்குடி ரோட்டில் ஒரு பெண் குதிரை வண்டி ஓட்ட ஆரம்பித்தாள். முதல் சில நாள் கடைத்தெருவில் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவர் இது சரிப்படுமா என்று கேட்டார். வேறு ஆள் இருந்தால் அனுப்புங்கள் என்று கிருபாபாய் சொன்னாள். அவர் அனுப்பவில்லை. சேற்று நிறக் குதிரை அழகாக ஓடவில்லை, தலையை ஆட்டி ஆட்டி ஒரே சீராகப் போனது. மணலில் சக்கரம் புதைந்தால் நின்று மூச்சு வாங்கி, பிறகு குனிந்து இழுத்தது. முப்பிடாதி வாயாடி. வழி முழுக்க உப்பளத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வருவாள். கிருபாபாய் பாதி கேட்டு, பாதி தூங்குவாள்.

சொரிமுத்து தோள் கூடிய பிறகு கொட்டிலில் வேலை பார்த்தார். குருட்டுக் குதிரைக்குப் புல் போடுவதும், குரல் கொடுத்து அதைத் தண்ணீர்த் தொட்டிக்கு நடத்திப் போவதும் அவர் பாடு. சும்மா நிற்கிற குதிரைக்கு எதற்குத் தீனி என்று ஊரில் கேட்டார்கள். கிருபாபாய் தன் சம்பளத்திலிருந்து அதற்குக் கொள்ளு வாங்கிப் போட்டாள். இரண்டு கண்ணும் போன பிறகு அது சாதுவாகிவிட்டது. நாற்பத்தாறில், ஒரு மழைநாளில் படுத்தது எழுந்திருக்கவில்லை. சொரிமுத்து அதைப் புதைக்கும்போது கிருபாபாய் பழையகாயலில் ஒரு பிரசவத்தில் இருந்தாள்.

வண்டி ஓடையில் விழுந்ததற்கு மறுவருஷம் பிளாரன்ஸுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. கிருபாபாய் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையைத் துடைத்துக் கொடுத்தபோது மாமியார்க்காரி வழக்கம்போல, நீங்க எந்தக் குடும்பம் நர்ஸம்மா, சொன்னதே இல்லையே என்று கேட்டாள். தெரியாது என்று கிருபாபாய் சொன்னாள். அதுவரைக்கும் அவள் யாரிடமும் அப்படி நேராகச் சொன்னதில்லை, ஏதாவது ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிச் சமாளிப்பாள். மாமியார்க்காரி அப்படியா என்று கேட்டுவிட்டு வெந்நீர் எடுக்க உள்ளே போனாள்.

நாற்பத்தொன்பதில் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது நர்ஸ் வந்தாள். ஹில்டா என்று பெயர், மதராஸில் படித்தவள், இருபத்துநாலு வயது. கிருபாபாய் அவளை வண்டியில் ஏற்றி முப்பிடாதியோடு ஊர் ஊராக அனுப்பி வழி பழக்கினாள். மூன்று மாதம் கழித்துப் பையையும் அவளிடம் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வளாகத்தில் கிருபாபாய்க்கு ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். அதில் பாயை விரித்துப் படுத்தவள் இரண்டு நாள் தூங்கினாள். இடையில் யார் வந்து எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று சொன்னாள்.