ராஜமதியின் பாசித் தொட்டிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா வீட்டில் வேலை செய்யும் ஜெயத்திடமிருந்து போன் வந்தது. விழுப்புரத்தில் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். "அம்மா தொட்டிக்கிட்ட வுழுந்துட்டாங்கண்ணா. எழுப்பிப் பாத்தேன். எழுந்துக்கல" என்றாள். அக்காவை அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். நான் திண்டிவனம் போய், அங்கிருந்து செஞ்சி சாலையில் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். விரல் நகங்களில் பச்சை ஒட்டியிருந்தது.

என் அக்கா ராஜமதிக்கு ஐம்பத்திரண்டு வயது. மாரடைப்பு என்றார் டாக்டர். கடைசி நாட்களில் அவள் எதற்குப் பயந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கும் ஜெயத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

அத்தான் காலமான பிறகு அவள் திண்டிவனத்தில் ஒரு பயிற்சிக்குப் போய், நீலப்பச்சைப் பாசி வளர்க்கக் கற்றுக்கொண்டு வந்தாள். கொல்லையில் ஆழமில்லாத தொட்டிகள் வெட்டி, தார்ப்பாய் விரித்து, மண்ணும் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டு, ஊர்க் குட்டையிலிருந்து மோட்டாரில் தண்ணீர் நிரப்புவாள். அதன்மேல் விதைப்பாசியைத் தூவினால் சில நாளில் தண்ணீரின் மேல் பச்சை ஆடை கட்டும். தண்ணீர் வற்றியதும் அப்பளம்போல் காய்ந்து சுருண்டு எழும். அதைச் சுரண்டி எடுத்துப் பையில் போட்டால் நெல் நட்டவர்கள் வாங்கிப்போய் வயலில் தூவுவார்கள். யூரியா கொஞ்சம் குறையும்.

நான் தாவரவியல் படித்தவன் என்பதால் என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தப் பாசி மணி கோத்த நூல்போல் இருக்கும், அதில் இடையிடையே வெளிறித் தடித்த ஒரு செல் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பது அதுதான். ஆக்ஸிஜன் பட்டால் அந்த வேலை கெட்டுவிடும் என்பதால் தடித்த சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளே இருக்கும். அதன் பிறகு அது பெருகாது. பக்கத்துச் செல்கள் சர்க்கரை தரும், அது நைட்ரஜன் தரும். இதையெல்லாம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"காய வெக்கிறமே, செத்துடுதா தம்பி?"

நாங்கள் சமணர்கள். தண்ணீரைத் துணியில் வடித்துக் குடிப்போம். துணியில் தங்கியதை, தண்ணீர் எடுத்த இடத்திலேயே திரும்ப விடுவோம். உயிர் போகக் கூடாது. பாசி சாகாது என்று சொன்னேன். காயும்போது சில செல்கள் கெட்டியான வித்தாக மாறித் தூங்கும், வருடங்கள் கழித்து நனைந்தாலும் முளைக்கும் என்றேன். அன்று அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த தொல்லை கொசுப்புழு. தொட்டியில் புழு வைத்தால் பாசியைத் தின்று தீர்த்துவிடும். புழுவைக் கொல்ல எல்லோரும் குருணை மருந்து போடுவார்கள். அக்கா போடவில்லை. வெள்ளைத் துணியால் தண்ணீரை வடித்து, புழுக்களை வாளியில் சேர்த்து, குட்டைக்குக் கொண்டுபோய் விட்டாள். தொட்டி வேலைக்கு வரும் ஜெயத்துக்கு இது பெரிய வேடிக்கை.

"ஊரே கடி தாங்காம பேஜாராக் கெடக்குது. எங்கம்மா கொசுவுக்கு பஸ்சு உட்டுக்கினு இருக்காங்க. டிக்கெட்டும் கெடயாது" என்பாள். அக்கா சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள்.

இந்தக் கோடையில் குட்டைத் தண்ணீர் பெயிண்ட் கொட்டியதுபோல் பச்சையானது. ஜெயத்தின் ஆடுகள் அங்கே தண்ணீர் குடித்தன. மறுநாள் காலைக்குள் மூன்று ஆடுகள் கால் உதறி விழுந்து செத்தன. குட்டையில் மிதந்த ஆட்டுக்குட்டியை எடுக்க ஜெயத்தின் மகள் அஸ்வினி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். அன்று சாயந்திரமே வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அக்காவும் நானும் பார்க்கப் போனோம். வார்டு வாசலில் ஜெயம் நின்றிருந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் அக்கா அவ்வளவு பயந்தாள் என்று நினைக்கிறேன்.

"ஏம்மா, வாளியில புழு கொண்டாந்து உடுவீங்களே. அது கூட நம்ப பாசியும் போவும் இல்ல?"

அக்கா உள்ளே வந்து பிள்ளையைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என் காதருகே கேட்டாள், "வருசக்கணக்கா சாவாதுன்னு நீதானே சொன்ன?"

எல்லாப் பாசியும் விஷமில்லை என்று சொன்னேன். "நம்மளுது விஷமில்லன்னு தெரியுமா?" என்றாள். தெரியாது. நூல்பாசிகளிலும் விஷம் சுரப்பவை உண்டு என்று படித்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

குட்டைத் தண்ணீரிலும் தொட்டித் தண்ணீரிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து, விழுப்புரத்தில் கல்லூரியில் பாடம் எடுக்கும் கவிதாவிடம் கொடுத்தேன். என்னோடு படித்தவள். பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அந்த இடைவெளியில் அக்காவுக்கு எதுவும் செய்ய முடியாமல் போயிற்று. தொட்டியைக் காயவிட்டால் வித்தாகிக் காற்றில் பறக்கும் என்று பயம். ஈரமாக விட்டால் புழு வைத்தது. வடித்ததைக் குட்டையில் விடப் பயம், தரையில் கொட்டிக் கொல்ல மனமில்லை. நீல பிளாஸ்டிக் வாளியில் சேர்த்துச் சேர்த்துத் தொட்டியோரம் வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாளாம். குட்டைப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டாள். எங்கள் வழக்கப்படி இருட்டும் முன் சாப்பிட்டு முடிப்பவள், அந்தச் சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிடுவாள் என்று ஜெயம் பிறகு சொன்னாள். தினமும் எனக்குப் போன் செய்து, "பாப்பா எப்படி இருக்குது?" என்பாள். அதன்பின் போனை வைக்கவும் மாட்டாள். கவிதா முடிவு சொன்னாளா என்று கேட்க வருகிறாள் என்று தெரியும். கேட்க மாட்டாள்.

அஸ்வினி தேறி, ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பினாள். அக்கா போய்ப் பார்த்தாளாம், வாசலில் நின்றபடி.

தகனம் முடிந்த மறுநாள் கவிதா அழைத்தாள். குட்டையில் பெருகியது வேறு வகை என்றாள். நூல் இல்லை, உருண்டைச் செல்கள் கொத்தாகச் சேர்ந்தது. காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கத் தெரியாதது. வயலிலிருந்து வடிந்த உரத்திலும் சாக்கடையிலும் வெயிலிலும் கொழுப்பது. ஆடு சாக அது போதும் என்றாள். நான் விடாமல் கேட்டதால், நூல்கள் சிலவும் தென்பட்டன, எந்தக் குட்டையிலும் இருக்கும், அவை உன் அக்கா தொட்டியிலிருந்து போனவையா என்று மைக்ராஸ்கோப்பில் சொல்ல முடியாது என்றாள்.

ஜெயத்திடம் முதல் பாதியைச் சொன்னேன். "அம்மா கேட்டுட்டுப் போயிருக்கலாம்ண்ணா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது பாதியை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நீல வாளி தொட்டியோரம்தான் இருக்கிறது. புழுக்கள் கொசுவாகிப் போய்விட்டன. முக்கால் வாளித் தண்ணீர், மேலே மெல்லிய பச்சை ஆடை. எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டிய அதை இன்னும் யாரும் குட்டையில் ஊற்றவில்லை.