ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்

ஐம்பத்து மூன்று வயதில், தொப்பையோடும் மூக்குக் கண்ணாடியோடும், நான் ஒரு வில் வாங்கியிருக்கிறேன். சொல்லிவிட்டேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் வீட்டு ஸ்டோர் ரூம் பழக்கமானதுதான். துணி காயப்போட உதவும் டிரெட்மில், ஒரே ஒரு முறை ஊதப்பட்ட ரப்பர் படகு, ஆணி அடிக்கத் தெரியாதவன் வாங்கிய தச்சுக் கருவிப் பெட்டி... அந்தப் பரம்பரையில் இது அடுத்த வாரிசு என்று மனைவி நினைத்தாள். ஆனால் வில் ஸ்டோர் ரூமுக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே வரவில்லை. காரில் முன் சீட்டில் இருக்கிறது. சீட் பெல்ட் போட்டுக்கொண்டு.

தோள்பட்டை வலிக்குப் பார்த்த டாக்டர், "ஏதாவது இழுக்கிற மாதிரி பயிற்சி பண்ணுங்க" என்றார். அவர் சொன்னது ரப்பர் பட்டையை என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குள் நான் சுபாங் ஜெயாவில், ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருக்கும் வில்வித்தைக் கூடத்தில் பெயர் கொடுத்துவிட்டேன்.

கூடத்தை நடத்துகிறவர் ஃபாரூக் பாய். கிள்ளானில் அவர் குடும்பத்துக்குத் துணிக்கடை. அண்ணன் தம்பிகள் அங்கே சேலை அளக்க, இவர் இங்கே மனிதர்களின் கை நீளத்தை அளக்கிறார். அவர்தான் எனக்குக் காம்பவுண்ட் வில்லைக் காட்டிக் கெடுத்தவர். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில் அது. இழுக்கும்போது முதலில் முரண்டு பிடிக்கும். பாதி தாண்டியதும் சட்டென்று இளகிவிடும்... அத்தனை பாரமும் எங்கோ போய்விடும். பிறகு நிதானமாகக் குறி பார்க்கலாம். முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் ஒரு புள்ளி. பலகையில் நீலம், சிவப்பு வளையங்களுக்கு நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தில் புள்ளியை வைத்து, வலது கையிலுள்ள கொக்கியின் பொத்தானை அழுத்தினால் அம்பு பறந்துவிடும். என்னைப் போன்ற சோம்பேறிக்காகவே யாரோ யோசித்துச் செய்த ஆயுதம்!

புதிதின் விலையைக் கேட்டதும் தோள்வலி தானாகச் சரியானது. ஆகவே பழையது.

"பஞ்சு எடுத்துட்டுப் போங்க சார்" என்றார் பாய். "வளையுற தகடு ரெண்டையும் பஞ்சால தடவுங்க. பஞ்சு எங்கயாவது மாட்டுச்சுன்னா உள்ள விரிசல் இருக்குன்னு அர்த்தம். நாண்ல பிசிறு இருக்கான்னு பாருங்க. முக்கியமா உங்க கை நீளத்துக்கு சரியா இருக்கணும். இல்லன்னா அது அடுத்தவன் காலுக்கு எடுத்த சப்பாத்து மாதிரி."

"சரி பாய்."

"அப்புறம்... ஏன் விக்கிறீங்கன்னு மட்டும் கேட்காதீங்க."

"ஏன்?"

"கேட்காதீங்க லா" என்று சொல்லிவிட்டு அம்பு பொறுக்கப் போய்விட்டார்.

நான் வாழ்க்கையையே செகண்ட் ஹேண்டில் நடத்துகிறவன். கார், குளிர்பெட்டி, குடியிருக்கும் அடுக்குமாடி வீடு – எல்லாமே இன்னொருவர் கைபட்டவை. பழையது வாங்குகிறவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் கேள்விதானே? அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் அகப்பட்டது. செய்தி அனுப்பினேன். விலை பேசுவதற்கு முன்பே பதில் வந்தது: "கை ரெண்டையும் விரிச்சு அளந்து அனுப்புங்கண்ணே." அனுப்பினேன். "என் அளவேதான். வாங்க."

விற்பவர் பெயர் பரமேஸ். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) முப்பத்தைந்து வயதுப் பெண். அவருடைய கை நீளமும் என் கை நீளமும் ஒன்று என்பதை வாசகர்கள் இத்தோடு மறந்துவிட வேண்டும்.

போன சனிக்கிழமைக்கு முந்திய சனி, மதியம் போல கிள்ளானை அடுத்த மேருவுக்குப் போனேன். வீட்டுக்கு அல்ல. மூடப்பட்ட ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்கு. பரமேஸ் முன்பு அங்கே வேலை பார்த்தவர். இப்போது போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. பழைய முதலாளி, வில் பழக இங்கே இடம் கொடுத்திருக்கிறார். பரமேஸின் கணவர் குணா, லோரி ஓட்டுநர், கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன்.

நீண்ட கொட்டகை. கோடியில், அரை இருட்டில், ஒரு குறிப்பலகை. அதுவரை இரண்டு பக்கமும்... கைகள். வெள்ளைப் பீங்கான் கைகள். கையுறை வார்ப்பதற்கான அச்சுகளாம். முழங்கைக்குக் கீழே வெட்டியெடுத்தது போல, விரல்களை மேலே நீட்டியபடி, வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில். எல்லாக் கைகளும் எதையோ பிடிக்கப் போகும் முன் நிறுத்தப்பட்டது போல இருந்தன.

"பழகிடும்ணே" என்றார் குணா. சொன்னவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

வில் ஒரு மேசைமேல் இருந்தது. அதன் பிடிக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது இவர் வேலை" என்றார் பரமேஸ்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார் குணா.

பஞ்சை எடுத்துத் தடவினேன். எங்கும் மாட்டவில்லை. நாணில் ஒரு பிசிறு இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையே இல்லாத பழைய பொருளைப் போல் சந்தேகத்துக்குரியது உலகத்தில் வேறு உண்டா? வாய் தானாகத் திறந்தது.

"ஏன் விக்கிறீங்க?"

தகரக் கூரையில் மழை ஆரம்பித்தது. பரமேஸ் பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"நிக்குதுண்ணே."

"எது?"

"புள்ளி. கீழேருந்து மேல ஏத்துவேன். நீலம் தாண்டும். சிவப்புக்குள்ள வரும். மஞ்சளுக்கு ஒரு விரல் கீழ வந்து நின்னுடும். மேல போகாது. கை என்னோடதுதான், பலம் இருக்கு. ஆனா யாரோ மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி... முக்கி ஏத்தினா, மஞ்சளைத் தொடுறதுக்குள்ள அம்பு தானா போயிடுது. நான் விடல. அது போயிடுது."

"வட்டம் போட்ட காகிதத்தைக் கிழிச்சுப் போட்டு வெறும் பலகையில அடிச்சா?"

"எல்லாம் ஒரே இடத்துல குத்தும். வட்டம் ஒட்டினாத்தான் நிக்குது."

அதற்கடுத்த வார ஞாயிறு மாநில அணிக்கான தேர்வு. எட்டு வருடமாக அவர் காத்திருந்த இடம். கிளப்பில் அவர் அளவுக்கு இன்னொரு வில் இரவல் தரத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அதை இன்னும் தொடவில்லை.

"ஏன்?"

"அதுலயும் நின்னுட்டா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருக்கு வேண்டியது வில்லை வாங்குகிற ஆள் இல்லை என்று. அதே கை நீளமுள்ள வேறு ஆள் வேண்டும். கோளாறு வில்லிலா, தன்னிலா? அதைச் சொல்ல ஒரு சாட்சி.

"ஒரே ஒரு அம்புண்ணே. உங்களுக்காக வில்லைக் கொஞ்சம் லூஸ் பண்ணி வெச்சிருக்கேன். இழுத்துப் பார்த்து உண்மையைச் சொல்லுங்க."

நான் பகுத்தறிவுவாதி. வாஸ்துவையும் எலுமிச்சம்பழத்தையும் இதே பத்தியில் எத்தனை முறை கிண்டலடித்திருக்கிறேன்! அம்பைப் பூட்டினேன். இழுத்தேன். முரண்டியது, இளகியது, அமைதியானது. என் உடம்புக்கே தைத்த சட்டை போல் பொருந்தியது. கண்ணாடிக்குள் புள்ளி. மெல்ல ஏற்றினேன். நீலம். சிவப்பு.

நின்றது.

பாரம் இல்லை. வலி இல்லை. கை சும்மா, மரியாதையாக, நின்றுவிட்டது. ஏறு என்றேன். ஏறவில்லை. புள்ளி சிவப்பின் விளிம்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. சரி, இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கவும் இல்லை! மழைச் சத்தம் தூரமாகப் போனது. ஓரக்கண்ணில் அந்த வெள்ளை விரல்கள் மட்டும் தெரிந்தன. எத்தனை நேரம் அப்படி நின்றேனோ தெரியாது.

"அண்ணே! இறக்குங்கண்ணே! கீழ இறக்குங்க!" குணா உள்ளே ஓடி வந்திருந்தார்.

அவர் குரலில் கை விடுபட்டது. வில்லை இறக்கி மேசைமேல் வைத்தேன். சட்டை நனைந்திருந்தது, மழை உள்ளே பெய்யாத போதும்.

"நின்னுச்சா?" என்றார் பரமேஸ்.

"நின்னுச்சு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "நான் இல்ல... குணா, நான் இல்ல..."

"நான் ஆரம்பத்துலேருந்து என்ன சொல்றேன்?" என்றார் குணா, எலுமிச்சம்பழத்தைக் காட்டி.

அதன் பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பேய் பிடித்த பொருள் என்று தெரிந்தும் வாங்கி வந்த முதல் பகுத்தறிவுவாதி நானாகத்தான் இருப்பேன். கிளம்பும்போது, "நீங்க எழுதுவீங்களாமே? எந்தப் பேப்பர்ல?" என்றார் பரமேஸ். சொன்னேன். "ஓ... அது இன்னும் வருதா?" என்றார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

காரின் பின்பெட்டியில் வைக்க மனம் வரவில்லை, முதுகுக்குப் பின்னால் அது இருக்கக் கூடாது என்று பட்டது. முன் சீட்டில் கிடத்தினேன். கார் கிளம்பியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். ஃபெடரல் ஹைவே முழுக்க அடித்தது. கடைசியில் ஓரமாக நிறுத்தி அதற்குப் பெல்ட் போட்டுவிட்டேன். மணி நின்றது. அந்த நிசப்தம்தான் இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் ஃபாரூக் பாயிடம் கொண்டுபோனேன். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். அவர் உயரமான மனிதர், வில் அவருக்குச் சின்னது. கூனிக்கொண்டு இழுத்தார். மஞ்சள். இன்னொன்று. மஞ்சள். மூன்றாவதும்.

"தங்கமான வில் சார். எங்க பிடிச்சீங்க?"

"பாய், அது நிக்கலையா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏன் விக்கிறாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அவங்க சொன்னாங்களா?"

"சொன்னாங்க. மஞ்சளுக்கு ஒரு விரல் கீழ..."

"நிறுத்துங்க!" ஒரு அடி பின்னால் போனார். கூடத்தில் அம்பு விட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் வில்லைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

வாசலுக்கு வெளியே அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். கை இப்படி நின்றுபோவதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. எந்தக் கூடத்திலும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். வில்லில் வருவதில்லை, ஆளில் வருகிறது. நன்றாக அடிக்கிறவர்களுக்குத்தான் அதிகம். சிலர் அதோடு வில்லையே விட்டுவிடுவார்கள். "காது வழியா வரும்னு நாங்க ஒரு பயம் வெச்சிருக்கோம் சார். அதான் கேட்காதீங்கன்னேன்."

"மூடநம்பிக்கை பாய்."

அவர் என்னை மறுபடி உள்ளே அழைத்துப் போனார். கூடத்தில் பழகக் கொடுக்கும் வில்லைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். இத்தனை வாரம், மாடு கொட்டகையில் நுழைவது போல, என் புள்ளி சாதாரணமாக மஞ்சளில் நுழைந்த வில். இழுத்தேன். ஏற்றினேன். நீலம். சிவப்பு.

ஒரு விரல் கீழே.

ஆக, வில்லில் ஒன்றுமில்லை. கோளாறு பரமேஸிடம்தான் இருந்தது, இப்போது என்னிடமும் இருக்கிறது. நான் சொன்ன சாட்சி தப்பு. அந்தப் பெண்ணோ அந்தத் தப்பை நம்பி ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்குப் போகப் போகிறது.

"சொல்லிடவா பாய்?"

"சொன்னீங்கன்னா அன்னிக்கே அவங்க முடிஞ்சாங்க."

"சொல்லாட்டி?"

"தெரியாது சார். அல்லாதான் காப்பாத்தணும்."

உண்மை பேசு என்று எத்தனை வாரம் உங்களுக்கு உபதேசித்திருக்கிறேன்! அந்த ஒரு வாரம் ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாகப் போனது. வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன்: பலமுறை விரல் அவர் பெயருக்கு மேலே போய் அழுத்தாமல் நின்றது. அது நல்ல மனமா, இல்லை 'அது'வா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிறு மாலை அவரே அழைத்தார். பின்னால் குணாவின் கத்தல்.

"அண்ணே! நிக்கவே இல்லண்ணே! இரவல் வில்லுதான், ஆனா மொத்தமா மஞ்சள்ல! என்னை அணியில எடுத்துட்டாங்க!"

"ரொம்ப சந்தோஷம்மா."

"உங்ககிட்ட அது எப்படிண்ணே இருக்கு?"

"என்கிட்டதான் இருக்கு" என்றேன். அது பொய்யில்லை.

ஒருவரை விட்டால்தான் இன்னொருவரைப் பிடிக்குமோ? பகுத்தறிவுவாதி இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. மனம் விசித்திரமானது, பழி போட ஒரு பொருள் கிடைத்தால் மனிதன் குணமாகிவிடுகிறான்... அவ்வளவுதான் விஷயம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் நீங்களும்தான் கேட்டுவிட்டீர்களே?

கையில் வில் இல்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் பாய். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், முந்தாநாள் வரை. வேலை முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தேன். லிஃப்டிலிருந்து இறங்கினேன். கதவின் முன்னால் போய்ச் சாவியை எடுத்துப் பூட்டை நோக்கிக் கொண்டுபோனேன். துளைக்கு ஒரு விரல் கீழே... கை நின்றது.

ஏறு என்றேன். ஏறவில்லை. பாரமில்லை, வலியில்லை, அதே மரியாதை. தாழ்வாரத்தில் ஒரு சத்தமில்லை. மணிக்கட்டில் குளிர்ந்த விரல்கள் படிவது போல இருந்தது.

பின்னால் லிஃப்ட் திறந்தது. காய்கறிப் பையோடு மனைவி, அவளோடு வந்த ஒரு சீன ஆன்டி. ஆன்டி மட்டும் இறங்கினார். மனைவி லிஃப்ட் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது இந்த ஆன்டி வீட்டுக் கதவு. நம்ம வீடு இன்னும் ஒரு மாடி மேல. வரீங்களா, இல்ல அங்கயே நிக்கிறீங்களா?"