புளியங்கொட்டையில் எண்ணிய குத்துகள்

என் மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்த சமயம். எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. நல்ல பங்குனி வெயில். புதுச்சேரி நெல்லித்தோப்பில் குடியிருந்தோம். நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். நாலு ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சே வராது. கடையில்கூட வேண்டிய சாமானைக் கை நீட்டித்தான் காட்டுவேன். அப்படிப்பட்ட நான் குத்துச்சண்டை மேடை ஓரம் உட்கார்ந்து குத்து எண்ணினேன் என்றால் என் மருமகள் இன்றைக்கும் சிரிக்கிறாள்.

சண்டை போட்டது என் தம்பி. அப்பா அம்மா இல்லாததால் எங்களோடுதான் இருந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்த ஒருவர் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்தார். சிப்பாய் என்பதைப் பிரெஞ்சில் சொல்தா என்பார்கள், ஊரே அவரை அப்படித்தான் சொல்லும்; நேரில் ஐயா என்பதற்கு முசியே என்று கூப்பிடும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஜெயிக்கிறவனை மில்லில் சேர்த்துவிடுவதாக ஒரு மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்தார். தம்பி அந்த வேலையை நினைத்தே சாப்பிட்டான், தூங்கினான்.

முந்தைய போட்டியில் யார் அதிகம் குத்தியது என்று இரண்டு பக்கமும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். அதனால் சொல்தா புதுசாக ஒரு வழி செய்தார். இரண்டு பக்கமும் வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார வேண்டும். தன் ஆள் விடுகிற குத்து சரியாகப் பட்டால் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட வேண்டும்.

"ஆம்பளைங்க கூசாம புளுகுறானுங்க. பொம்பளைங்க புளுகுனா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும்" என்றார்.

எதிராளி அரியாங்குப்பத்துக்காரர், கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி எனக்கு நேர் எதிரே, மேடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மீன் விற்கிற குரல், கணீர் என்று இருந்தது. என் மடியில் குவித்து வைத்திருந்த கொட்டைகளைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, குழம்புக்குக் கரைக்கிற புளியில இருந்த கொட்டை மொத்தத்தையும் எடுத்தாந்துட்டீங்களா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சண்டை ஆரம்பித்தது. தம்பி வேகம். தொட்டுத் தொட்டு விலகினான். அவர் மெதுவாக, எப்போதாவதுதான் கையை வீசினார். ஆனால் பட்டால் சத்தம் என் வயிற்றில் கேட்கும். தம்பி லேசாகத் தட்டினாலும் ஒரு கொட்டை, அவர் இடி மாதிரி இறக்கினாலும் ஒரு கொட்டை. அதுதான் கணக்கு. நான் தம்பியின் கையையே பார்த்தேன். கை போய்ப் படுகிற இடத்தைப் பார்த்தேன், கொட்டையைப் போட்டேன்.

இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் சொல்தா இரண்டு டப்பாவையும் தூக்கிப் பார்த்தார். "நெல்லித்தோப்புதான் கனம்" என்றார். எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். இன்னும் ஒரே ரவுண்டு. விழாமல் நின்றாலே மில் வேலை. எனக்குக் கை வியர்த்துக் கொட்டைகள் விரலில் ஒட்டின.

கடைசி ரவுண்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்க! முசியே, நிறுத்துங்க! அந்தப் புள்ளைக்குக் கண்ணு சொருவுது!"

"ஒக்காரும்மா! உன் வூட்டுக்காரு தோக்குறாருன்னு நாடகம் ஆடாத!" என்று எங்கள் பக்கமிருந்து கத்தினார்கள். மேடையில் நின்ற சொல்தாவும் தயங்கினார். தம்பி இன்னும் கையை வீசிக்கொண்டுதானே இருந்தான்.

"நாங்க தோத்ததாவே வச்சிக்குங்க! நிறுத்துங்க!" என்றவள், என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். "அக்கா, கையைப் பாக்காதீங்க. மூஞ்சியப் பாருங்க!"

அப்போதுதான் பார்த்தேன். அவன் கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஆளே இல்லாத பக்கம் குத்திக்கொண்டிருந்தான். அந்த மனிதர் மறுபடி கையை ஓங்கினார்.

கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கையில் டப்பா இருந்தது. மேடை மேல் எறிந்தேன். தகரம் விழுந்த சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள், கொட்டைகள் சிதறி ஓடின. சொல்தா பாய்ந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"ஜெயிச்சிகினு இருந்தவனைக் கெடுத்துட்டியேம்மா!" என்று யாரோ என்னைத் திட்டினார்கள். நான் தம்பியிடம் ஓடினேன். ஸ்டூலில் உட்கார்ந்தவன் என்னை அமைதியாகப் பார்த்து, "எப்பக்கா ஆரம்பிக்கும்?" என்றான்.

சண்டை நடந்ததே அவனுக்கு நினைவில்லை.

அவனைத் தூக்கி ரிக்‌ஷாவில் ஏற்றியது யார் தெரியுமா? அவனை அடித்த அதே மனிதர்தான். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய மனைவி ராத்திரி வரை என் கையை விடவில்லை. "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "எங்க வூட்டுக்காரரு குத்து எங்க படுதுன்னுதான பாக்கச் சொன்னாங்க? அது மொத்தமும் உங்க தம்பி மூஞ்சியிலதான பட்டுது. உங்களைவிட நான்தான அவனைப் பாத்துகினு இருந்தேன்" என்றாள்.

மறுநாள் காலை தம்பி கண் விழித்து, "அக்கா, பசிக்குது" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுத அழுகை இருக்கிறதே!

கொட்டை சிதறிக் கணக்குப் போனதால் போட்டியில் யாரும் ஜெயிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மில் வேலை கிடைக்கவில்லை. தம்பி கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு லாஸ்பேட்டையில் சைக்கிள் கடை வைத்தான். பேரன் பேத்தி எடுத்து இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். அந்த அரியாங்குப்பத்துப் பெண்ணை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளை முன்னால் போகிறான், ஜெயிக்கிறான் என்று யாராவது சந்தோஷமாக வந்து சொன்னால், முதலில் அவன் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.