பிரேக் அக்காவின் கால்

கார் ஓட்டச் சொல்லித் தருபவர்களுக்கு வாய்தான் முக்கியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, கால்தான் முக்கியம். அவர்கள் உட்காரும் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கடவுளைக் கூப்பிடும் நேரத்தில் அதை மிதிக்க வேண்டும். பல வருடங்களாகக் கார் ஓட்டச் சொல்லித் தரும் அவளுக்கு, அப்படி மிதித்து மிதித்தே ‘பிரேக் அக்கா’ என்று பெயர் வந்துவிட்டது. டிவியில் ஒரு கார் வேகமாக வந்தால்கூட, சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை ஓங்கி மிதிப்பாள்.

மார்பில் கட்டி என்று அறுவைச் சிகிச்சை முடிந்து, கீமோ தொடங்கியபோதும் அவள் வாய் ஓயவில்லை. முடி கொட்டியதும் கணவனிடம், “ஏங்க, ஷாம்பு பாட்டில் இனிமே உங்களுக்கே உங்களுக்கு” என்றாள். அவன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே, “எனக்கு மட்டும் எதுக்குடி? ரெண்டு பேரும் ஒரே துணியால துடைச்சுக்கலாம்” என்றான்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம், “பாசிட்டிவா இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் இருந்தாள். வாந்தியையும், நாக்கில் ஒட்டிய இரும்பு ருசியையும் கதை கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். வேறு தொந்தரவு உண்டா என்று புற்றுநோய் டாக்டரம்மா கேட்டால், “சூப்பரா இருக்கேன்” என்பாள்.

ஒன்றைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. கால் விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. முடி போனால் தொப்பி போட்டுக்கொள்ளலாம். கால் போனால் அந்த இருக்கையே போய்விடுமே! அதனால் மருந்து ஏற்றிய அயர்ச்சி தீர்ந்ததும் காரில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

அன்று ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். ஊரையே வாயைப் பிளக்க வைப்பவர், ஸ்டியரிங்கைத் தொட்டால் தானே வாயைப் பிளப்பார். ஒரு சந்திலிருந்து சைக்கிள் ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. அவள் மிதித்தாள். கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தாள். அப்புறம்தான் நின்றது. சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே போனார்.

“அக்கா! நான்தான் நிறுத்தினேன்! நானே மிதிச்சேன்!” பல் டாக்டர் குதிக்காத குறைதான். “என் மேல நம்பிக்கை வச்சு, வேணும்னே சும்மா இருந்தீங்கல்ல?”

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய கால் பிரேக்குக்குப் பக்கத்தில், வெறும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பு எப்போதோ கழன்று ஓரமாகக் கிடந்தது. இரண்டுமே அதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேரும் புகழும் கிடைக்கும்.

“இல்ல டாக்டர். நான் மிதிச்சது பிரேக்கை இல்ல. எனக்குக் கால்ல உணர்ச்சியே இல்ல.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “உங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“நீங்க மட்டும் ‘வலிக்காது, வலிக்காது’ன்னு பொய் சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா?”

“நான் சொல்ற பொய்ல யாரும் சாக மாட்டாங்கக்கா.”

மறுநாளே கணவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் முன்னாடியே சொல்லல?”

“எல்லாரும் பாசிட்டிவா இருன்னாங்க. அதான் நல்லதை மட்டும் சொன்னேன்.”

“நீங்க சொன்னாத்தானேம்மா மருந்தை நான் மாத்த முடியும்? இப்ப அளவைக் குறைக்கிறேன். மரப்பு மெதுவா சரியாகலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். அதுவரைக்கும் அந்த சீட் வேண்டாம்.”

வீடு வந்து சேரும்வரை அவள் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. வாசலில் கணவன்தான் பேசினான். “நான் பிரேக்ல உட்காரறேன். நீ பின்னாடி உட்காரு. கால் என்னுது, வாய் உன்னுது.”

“உங்களுக்கு மிதிக்கத் தெரியுமா?”

“உன்கூடக் குடும்பம் நடத்தறேன், இது தெரியாதா?”

அடுத்த வகுப்புக்குப் பல் டாக்டரோடு சேர்த்து மூன்று பேரும் போனார்கள். பின் இருக்கையிலிருந்து அவள் போட்ட சத்தத்தில், முன்னால் இருந்த இருவரும் சேர்ந்தே மிரண்டார்கள். ஒரு திருப்பத்தில் கார் குலுங்கி நின்றது.

பல் டாக்டர் கணவன் பக்கம் திரும்பினார். “சார், அக்கா சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஏன் மிதிச்சீங்க?”

“பயத்துலதான்,” என்றான் அவன்.

“நீங்களாவது மறைக்காம சொன்னீங்களே!” என்று சொல்லிவிட்டு அவள் முன் இருக்கையைத் தட்டினாள். “ம், வண்டிய எடுங்க டாக்டர்.”