பாண், சப்பாத்து, கந்தோர்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூற்பாலைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். பக்கத்து இருக்கையில் உட்காரும் தோழி இலங்கை அகதி முகாமில் பிறந்தவள். எங்களோடு எங்களைப் போலவே பேசுவாள். அம்மாவிடமிருந்து போன் வந்தால் அம்மாவின் ஊரான மன்னாரின் தமிழுக்கு மாறிவிடுவாள்.

எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் புரியும். அவள் பார்த்திராத அவளுடைய நாட்டின் வரலாற்றையும் அப்படித்தான் போனில் குறித்தேன். யார் வந்தார்கள், எதை விட்டுப் போனார்கள் என்று இரண்டு கட்டங்கள். போர்த்துக்கீசியர்: ரொட்டியைக் குறிக்கும் பாண், ஷூவைக் குறிக்கும் சப்பாத்து, அலுமாரி. டச்சுக்காரர்: ஆபீஸைக் குறிக்கும் கந்தோர், கூடவே கக்கூஸ். ஆங்கிலேயர்: தேயிலைத் தோட்டம், அதற்காக இங்கிருந்து கப்பலேற்றப்பட்ட ஜனங்கள்.

“அதுக்குப் பொறவு?” என்று கேட்டேன்.

“பொறவு யாரும் வரலை. எங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டோம். மிச்சம் இந்தா உன் பக்கத்துல உக்காந்திருக்கு, எழுதிக்க” என்றாள்.

வேதியியல் பட்டம் வாங்கியவள், நான்கு வருடமாக ரிங் பிரேம் இயந்திரத்தில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் நான் இருக்கும் தரச் சோதனை லேபில் ஓர் இடம் காலியானது. கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சி, முடிவில் தேர்வு. தவறினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. விண்ணப்பத்தில் ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்தாள்.

பயணத்துக்கு வேண்டியதை எல்லாம் பதினோரு வரியில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கே கொண்டுபோனேன். சான்றிதழ் நகல், புகைப்படம், ரயில் நேரம், ஹாஸ்டல் முகவரி. அவள் நிதானமாக வாசித்துவிட்டு, “எல்லாம் சரிதான். ரெண்டாவது நாள் இங்க செக்கிங் இருக்கே” என்றாள்.

செக்கிங் அன்று அதிகாரி வருவார். ஒவ்வொருவரும் அகதி அட்டையோடு நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்; போடாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும். மாதாமாதம் அவள் சொல்லிக் கேட்டதுதான். இருந்தும் என் பதினோரு வரியில் அது இல்லை. வீட்டில்தான் இருக்கிறேன் என்று யாருக்கும் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் காகிதத்தை நாலாக மடித்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“இன்னொருக்கா, இன்னொருக்கா எண்டே எனக்கு வயசு போச்சுது. நாளைக்குக் கந்தோருக்குப் போய்க் கேப்பம். கேட்டா அடிக்கவோ போறாங்கள்?”

“டச்சுக்காரன் விட்டுட்டுப் போனதுக்கா?” என்று மகள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அம்மாவுக்கு விளங்கவில்லை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் மனு எழுதிக்கொண்டு மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த அதிகாரி முன் நின்றோம். என்ன தேர்வு என்று கேட்டார். நூலின் சீர்மையை எப்படி அளப்பது என்பதில் தொடங்கி நான் விளக்கினேன். மூன்றாவது நிமிடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

“ஏம்மா, பரீட்சை உனக்கா இந்தப் பிள்ளைக்கா?” பிறகு அவளிடம், “போயிட்டு வா. வந்ததும் நேரா இங்க வந்து கையெழுத்துப் போட்டுரு” என்று மனுவில் எழுதிக் கொடுத்தார்.

செக்கிங் நாளன்று அவள் அம்மா தன் அட்டையையும், பிளாஸ்டிக் உறையில் போட்ட அனுமதிக் கடிதத்தையும் பிடித்தபடி வரிசையில் நின்றாராம். அதே நேரம் கோயம்புத்தூரில் மகள் நூல் மாதிரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது லேபில் எனக்கு எதிர் மேசை அவளுடையது. ஷிப்ட் அட்டவணை போடும்போது செக்கிங் நாளை முதல் வரியில் குறித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறேன். லேபில் சேர்ந்த அன்று அவளிடம் நிரப்பக் கொடுத்த படிவத்திலும் அந்தச் சொந்த ஊர்க் கட்டம் இருந்தது. சின்ன எழுத்தில் மன்னார் என்று எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும் எழுதினாள். கட்டத்தில் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து கோட்டுக்கு வெளியே வந்துவிட்டது. அப்படியே கொடுத்தாள், வாங்கிக்கொண்டார்கள்.